மெஷின் வந்தாச்சு... கிட்னி டாக்டர் எப்போ வருவார்? பெரம்பலூர், அரியலூர் மக்கள் ஏக்கம்!

பெரம்பலூர்,-

டயாலிசிஸ் மெஷின் வாங்குவது பெரிய விஷயம் இல்லை. அரசு பணம் ஒதுக்கி டெண்டர் விட்டால் சில மாதங்களில் லாரியில் வந்து இறங்கிவிடும். ஆனால் அந்த மெஷின் பக்கத்தில் நின்று, ‘இவருக்கு இப்போ டயாலிசிஸ் வேண்டாம், மருந்து மாத்திரையிலேயே இன்னும் சில வருஷம் ஓட்டலாம்’ என்று சொல்லத் தெரிந்த டாக்டரை உருவாக்க 11½ வருஷம் ஆகும்!

பெரம்பலூர், அரியலூர் மாவட்ட மக்கள் இன்றைக்கு மாட்டிக்கொண்டு நிற்பது இந்த இடைவெளியில்தான்.

ஒரு காலத்தில் ‘கிட்னி போச்சு’ என்றால் நேராக சென்னைக்கோ வேலூருக்கோ ரெயில் ஏற வேண்டும். இல்லாவிட்டால் வீட்டிலேயே படுத்துக் கிடக்க வேண்டும். இப்போது அந்த நிலைமை மாறிவிட்டது. 2016-ல் மத்திய அரசு தேசிய டயாலிசிஸ் திட்டத்தை அறிவித்தது. அதன்படி மாவட்ட அளவிலேயே ஏழைகளுக்கு இலவச டயாலிசிஸ் என்பது கொள்கையானது. தமிழக அரசின் முதல்வர் காப்பீட்டுத் திட்டத்திலும் டயாலிசிஸ், கிட்னி மாற்று ஆபரேஷன் ஆகியவை சேர்க்கப்பட்டு உள்ளன. 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், வயிறு வழியாக டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு அதற்கான திரவப் பைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள்.

இதெல்லாம் நல்லதுதான். யாரும் மறுக்கவில்லை. ஆனால் இவை எல்லாமே பெரும்பாலும் கிட்னி கெட்ட பிறகு செய்கிற காரியங்கள். கெடுவதற்கு முன்னால் பிடிப்பது யார்? அதற்குப் படித்த டாக்டர்கள் எங்கே? இதுதான் கேள்வி.

13 லட்சம் பேருக்கு எத்தனை பேர்?

2011-ம் ஆண்டு மக்கள்தொகை கணக்கெடுப்புப்படி பெரம்பலூர் மாவட்டத்தில் 5 லட்சத்து 65 ஆயிரம் பேர். அரியலூர் மாவட்டத்தில் 7 லட்சத்து 55 ஆயிரம் பேர். இரண்டும் சேர்த்தால் 13 லட்சத்துக்கு மேல்.

நாடு முழுவதும் கிட்னிக்கு என்றே மேற்படிப்பு படித்த டாக்டர்கள் சில ஆயிரம் பேர்தான். சராசரியாகப் பார்த்தால் 10 லட்சம் பேருக்கு சுமார் 2 பேர் என்ற கணக்கு வரும். அந்தக் கணக்குப்படி நேர்மையாகப் பங்கு போட்டாலே இந்த 2 மாவட்டத்துக்கும் சேர்த்து 2 அல்லது 3 பேர்தான் கிடைப்பார்கள். ஆனால் பங்கு நேர்மையாக நடக்கிறதா? பெரும்பாலானவர்கள் சென்னை, கோவை, மதுரை, திருச்சி போன்ற பெரிய ஊர்களிலேயே தங்கிவிடுகிறார்கள்.

நோயாளிகள் பக்கம் பாருங்கள். இந்தியாவில் ஆண்டுதோறும் புதிதாக 2 லட்சத்து 20 ஆயிரம் பேருக்கு கிட்னி முழுசாகச் செயல் இழந்துபோகிறது என்பது தேசிய டயாலிசிஸ் திட்டத்துக்காக மத்திய அரசு சொன்ன மதிப்பீடு. அதை அப்படியே மக்கள்தொகைக்கு வகுத்தால் பெரம்பலூர், அரியலூர் இரண்டுக்கும் சேர்த்து வருஷத்துக்கு 200 பேருக்கு மேல் வரும்.

இவர்களில் ஒவ்வொருவருக்கும் வாரத்துக்கு 2 அல்லது 3 முறை, முறைக்கு சுமார் 4 மணி நேரம் டயாலிசிஸ் தேவை. வருஷத்துக்கு 100 முதல் 150 தடவை! கூலி வேலைக்குப் போகிறவர் என்றால் அந்த நாள் கூலி போச்சு. கூட வருகிறவர் கூலியும் போச்சு. செந்துறையில் இருந்தோ, தா.பழூரில் இருந்தோ, வேப்பந்தட்டையில் இருந்தோ பஸ் ஏறி வருகிறவர்களுக்கு சிகிச்சை இலவசம்தான். ஆனால் பிழைப்பு இலவசம் இல்லையே!

11½ வருஷம்... 3 நீட்!

கிட்னி டாக்டர் ஆவது எப்படி என்பது பலருக்குத் தெரியாது.

பிளஸ்-2 முடித்ததும் நீட் எழுதி எம்.பி.பி.எஸ். சேர வேண்டும். படிப்பு 4½ வருஷம், பயிற்சி டாக்டர் 1 வருஷம், ஆக 5½ வருஷம். அப்புறம் முதுநிலை நீட் எழுதி எம்.டி. பொது மருத்துவம் 3 வருஷம். குழந்தைகள் மருத்துவம் படித்தவர்களும் இந்தப் பாதைக்கு வரலாம். அதன் பிறகு 2017-ல் கொண்டுவரப்பட்ட உயர் சிறப்பு நீட். அதிலும் ஜெயித்தால் ‘டி.எம். நெப்ராலஜி’ என்ற 3 வருஷ மேற்படிப்பு. மொத்தம் 11½ வருஷம். அதுவும் எந்தப் பரீட்சையிலும் ஒரு வருஷம்கூட தவறவிடாமல் இருந்தால்தான்!

அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டதே என்று கேட்கலாம். உண்மைதான். தமிழகத்தில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளில் அரியலூரும் ஒன்று. 2022 ஜனவரி 12-ந் தேதி பிரதமர் மோடி காணொலி வழியாகத் திறந்து வைத்தார். எம்.பி.பி.எஸ்.சுக்கு 150 இடங்கள். நீட்டால் டாக்டர் கனவு கலைந்துபோன குழுமூர் மாணவி அனிதாவின் பெயர்தான் அந்தக் கல்லூரி அரங்கத்துக்கு வைக்கப்பட்டு உள்ளது.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2022-ல் அங்கு முதல் செட்டில் சேர்ந்த ஒரு மாணவர் எம்.பி.பி.எஸ். முடித்து வெளியே வர 2027. எம்.டி. முடிக்க 2030. டி.எம். முடிக்க 2033! அதுவரைக்கும் கிட்னி காத்திருக்குமா?

பெரம்பலூர் நிலைமை இன்னும் மோசம். மாவட்டத்துக்கு ஒரு அரசு மருத்துவக் கல்லூரி என்பது தமிழகத்தின் நீண்டநாள் கொள்கை. ஆனால் 2025 நிலவரப்படி அரசு மருத்துவக் கல்லூரி இல்லாத மாவட்டங்கள் பட்டியலில் காஞ்சிபுரம், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், மயிலாடுதுறை, தென்காசியோடு பெரம்பலூரும் இருந்தது. 1995-ல் திருச்சியில் இருந்து பிரிந்த மாவட்டம் இது. அரியலூர் இதில் இருந்து 2001-ல் பிரிந்து, 2002-ல் மீண்டும் சேர்ந்து, 2007-ல் மறுபடியும் தனி மாவட்டமானது. தாய் மாவட்டத்துக்கு முன்னால் பிள்ளை மாவட்டத்துக்குக் கல்லூரி வந்துவிட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

அந்த 3 வருஷத்தில் என்னதான் சொல்லித் தருவார்கள்?

‘சர்க்கரை டாக்டரே போதாதா, எதுக்கு தனியா ஒரு படிப்பு?’ என்று சிலர் கேட்பது உண்டு.

டி.எம். நெப்ராலஜி படிக்கிறவர் 3 வருஷமும் ஆஸ்பத்திரியிலேயே கிடந்து கற்றுக்கொள்ளும் விஷயங்கள் பல. மெல்லிய ஊசி போட்டு கிட்னியில் இருந்து நூல் அளவு சதை எடுத்து, என்ன வியாதி என்று கண்டுபிடிப்பது அதில் ஒன்று. ரத்த டயாலிசிஸ், வயிறு டயாலிசிஸ் இரண்டையும் யாருக்கு, எப்போது, எவ்வளவு நேரம் என்று முடிவு செய்வது இன்னொன்று. கிட்னி மாற்று ஆபரேஷன் செய்தவருக்கு, புது கிட்னியை உடம்பு தள்ளிவிடாமல் பார்த்துக்கொள்ள ஆயுசு முழுக்க மருந்து கொடுப்பது மற்றொன்று.

கிராமத்து ஜனங்களுக்கு ரொம்ப முக்கியமானது ஒன்று உண்டு. பாம்புக்கடி!

சோளக்காட்டிலும் பருத்திக்காட்டிலும் வேலை செய்கிறவரை கண்ணாடி விரியன் கடித்தால், விஷம் கிட்னியையும் தாக்கும். ஒன்றிரண்டு நாளில் சிறுநீர் நின்றுபோகும். உடனே விஷமுறிவு மருந்து போட்டு, தேவைப்பட்டால் சில நாட்கள் மட்டும் டயாலிசிஸ் செய்தால், பலருக்கு கிட்னி பழையபடி வேலை செய்ய ஆரம்பித்துவிடும். எலிக்காய்ச்சல், கடுமையான வயிற்றுப்போக்கு ஆகியவற்றிலும் இதே கதைதான். இது நிரந்தரமாகக் கெட்ட கிட்னி இல்லை, தற்காலிகமாக நின்ற கிட்னி. இந்த வித்தியாசத்தை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்கிறவர் பக்கத்தில் இருந்தால் ஒரு குடும்பம் பிழைக்கும். திருச்சிக்கு ஆம்புலன்சில் போகிற நேரம்கூட சிலருக்கு இருக்காது.

இன்னொன்றும் உண்டு. டயாலிசிஸ் தேவைப்படும் என்று தெரிந்தால், முன்கூட்டியே கையில் ரத்தக்குழாய்களை இணைத்து ‘பிஸ்டுலா’ போட வேண்டும். அது தயாராக 6 முதல் 8 வாரம் ஆகும். முன்னாடியே நிபுணர் பார்த்தால்தான் இது நடக்கும். கடைசி நேரத்தில் மூச்சுத்திணறலோடு வந்தால் கழுத்தில் குழாய் போட்டுத்தான் டயாலிசிஸ் தொடங்க வேண்டியிருக்கும். அதில் கிருமித் தொற்று ஆபத்து அதிகம். மெஷின் ஒன்றுதான். ஆனால் தயாராகி வந்தவருக்கும், அவசரத்தில் வந்தவருக்கும் ஆயுசு ஒன்றாக இருப்பதில்லை.

வேலூரில் தொடங்கிய கதை

கிட்னி சிகிச்சையில் தமிழ்நாடு பின்தங்கிய மாநிலம் கிடையாது. இந்தியாவிலேயே முதல் வெற்றிகரமான கிட்னி மாற்று ஆபரேஷன் 1971-ல் நடந்தது வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில்தான். மூளைச்சாவு அடைந்தவர்களிடம் இருந்து உறுப்பு பெறும் அரசுத் திட்டத்தை 2008-லேயே தொடங்கி, மற்ற மாநிலங்களுக்கு வழிகாட்டியதும் தமிழ்நாடுதான்.

டாக்டர்களுக்குப் பயிற்சி கொடுப்பதிலும் குறைவில்லை. சென்னை மருத்துவக் கல்லூரி, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், மதுரை ஆகிய அரசு மருத்துவக் கல்லூரிகளில் டி.எம். நெப்ராலஜி படிப்பு உள்ளது. வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர் ஆகியவற்றிலும் உண்டு.

அப்புறம் ஏன் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் வருவதில்லை?

பயிற்சி எங்கே நடக்கிறதோ, அங்கேயே டாக்டர்கள் வேர் விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் பதில். 30 வயதைத் தாண்டி படிப்பு முடிக்கும்போது கல்யாணம், பிள்ளைகள் ஸ்கூல் என்று வாழ்க்கை ஒரு ஊரில் நிலைகொண்டுவிடும். அதோடு கிட்னி டாக்டர் தனி ஆளாக எதுவும் செய்ய முடியாது. பிஸ்டுலா போட ஒரு சர்ஜன், சதைப் பரிசோதனையைப் படிக்க ஒரு லேப், பழகிய நர்சுகள், டெக்னீஷியன்கள் என்று ஒரு கூட்டமே வேண்டும். அது இல்லாத ஊரில் வந்து உட்கார்ந்தால், படித்ததில் பாதி வீண்.

சீட்டு இருக்கு... ஆள் இல்லை!

இதைவிட அதிர்ச்சி இன்னொன்று. சமீப ஆண்டுகளில் நாடு முழுக்க உயர் சிறப்பு மருத்துவப் படிப்புகளுக்கு கவுன்சிலிங் நடக்கும்போது, இடங்கள் காலியாகக் கிடக்கும் பிரிவுகளில் கிட்னி மருத்துவமும் ஒன்றாகிவிட்டது.

இதய டாக்டர், வயிறு-குடல் டாக்டர் படிப்புகளுக்கு அடித்துக்கொள்கிறவர்கள், கிட்னி படிப்பு என்றால் தயங்குகிறார்கள். காரணம் ரகசியம் இல்லை. நள்ளிரவு போன், முடியவே முடியாத சிகிச்சை, வருஷக்கணக்கில் கண் முன்னாலேயே நலிந்துபோகும் நோயாளிகள். தனியாக கிளினிக் போட்டு உடனே சம்பாதிக்கவும் வழியில்லை. டயாலிசிஸ் யூனிட் வைத்திருக்கும் பெரிய ஆஸ்பத்திரியை நம்பித்தான் இருக்க வேண்டும்.

ஒரு பக்கம் நோயாளி கூட்டம் கூடிக்கொண்டே போகிறது. இன்னொரு பக்கம் அதைப் படிக்க வருகிறவர்கள் தயங்குகிறார்கள். இந்த ரெண்டும் சேர்ந்தால் முதலில் அடிவாங்குவது சென்னை இல்லை, பெரம்பலூரும் அரியலூரும்தான்.

கோர்ட்டு படியேறிய ஒதுக்கீடு

கிராமத்து ஆஸ்பத்திரிக்கு நிபுணர் வர ஒரு வழி, ஏற்கனவே அரசு வேலையில் இருக்கும் டாக்டரையே படிக்க அனுப்புவது. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் தாலுகா ஆஸ்பத்திரியிலும் வேலை பார்த்தவர் படித்துவிட்டு அரசு வேலைக்கே திரும்பி வருவார்.

இதற்காக தமிழக அரசு 2020 நவம்பரில் ஓர் உத்தரவு போட்டது. அரசு கல்லூரிகளில் உள்ள உயர் சிறப்பு இடங்களில் 50 சதவீதம் அரசு டாக்டர்களுக்கு என்பதுதான் அது. உடனே வழக்கு வந்தது. அந்த ஆண்டுக்கு இது பொருந்தாது என்று சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. பிறகு 2022 மார்ச்சில் ஒதுக்கீட்டை நடைமுறைப்படுத்த அனுமதி கிடைத்தது.

அதற்கு முன்பு, 2019 ஆகஸ்டில் இன்னொரு முக்கியமான தீர்ப்பு. உயர் சிறப்புப் படிப்பு முடித்தவர்கள் குறிப்பிட்ட காலம் அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்க வேண்டும் என்று மாநிலங்கள் போடும் ஒப்பந்தம் செல்லும் என்று சுப்ரீம் கோர்ட்டு கூறியது. மக்கள் வரிப்பணத்தில் படித்தவர் மக்களுக்குக் கொஞ்ச காலம் உழைக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம்.

ஆக, சட்டத்தில் கதவு திறந்தாகிவிட்டது. இனி பார்க்க வேண்டியது, அந்தக் கதவு வழியாக வருகிறவர்களை எந்த ஊருக்கு அனுப்புகிறார்கள் என்பதைத்தான். படிப்பை முடித்தவரை மறுபடியும் பெருநகர ஆஸ்பத்திரியிலேயே உட்கார வைத்தால், ஒதுக்கீடு டாக்டருக்குத்தான் லாபம். செந்துறைக்காரருக்கும் குன்னத்துக்காரருக்கும் என்ன லாபம்?

வெயிலில் வேலை செய்கிறவர்களுக்கு எச்சரிக்கை

பெரம்பலூர் மக்காச்சோளத்துக்கும் சின்ன வெங்காயத்துக்கும் பெயர் பெற்ற மாவட்டம். அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்கம், சிமெண்டு ஆலைகள் நிறைந்த மாவட்டம். இரண்டிலும் பெரும்பாலான ஜனங்கள் வெயிலில் உடம்பை வருத்திப் பிழைப்பவர்கள்.

தமிழகத்தில் 3 ஆயிரத்துக்கும் மேற்பட்ட விவசாயத் தொழிலாளர்களைப் பரிசோதித்து அரசு மருத்துவ நிபுணர்கள் நடத்திய ஆய்வு 2025-ல் வெளியானது. அதில் 100-க்கு 5 பேருக்கு நாள்பட்ட கிட்னி நோய் உறுதியானது. திடுக்கிட வைத்தது அது மட்டும் இல்லை. அவர்களில் சுமார் பாதிப் பேருக்கு சர்க்கரையும் இல்லை, ரத்தக் கொதிப்பும் இல்லை! வழக்கமான காரணம் எதுவும் இல்லாமலே கிட்னி கெட்டிருந்தது.

கடும் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் நீண்ட நேரம் வேலை செய்வது இதற்கு ஒரு முக்கிய காரணமாக இருக்கலாம் என்று நிபுணர்கள் சந்தேகப்படுகிறார்கள். உடம்பு வலிக்கு தினமும் கடையில் வாங்கிப் போடும் வலி மாத்திரையும் கிட்னிக்கு எதிரி என்பது எல்லா டாக்டர்களும் சொல்லும் விஷயம்.

இது ‘சுகர் இல்லையே, நமக்கு ஒண்ணும் ஆகாது’ என்று நினைக்கிறவர்களை வீழ்த்தும் நோய். சுகர் கிளினிக்கில் உட்கார்ந்திருந்தால் இவர்களைப் பிடிக்க முடியாது. வயலுக்குப் போய், நூறு நாள் வேலை நடக்கும் இடத்துக்குப் போய், செங்கல் சூளைக்குப் போய்த்தான் பிடிக்க வேண்டும்.

பலாசாவில் முடிந்தது...

இதே மாதிரி மர்மமான கிட்னி நோயால் ஆந்திராவின் ஸ்ரீகாகுளம் மாவட்டம் உத்தானம் பகுதி பல ஆண்டுகளாகத் தவித்து வந்தது. முந்திரி, தென்னை விவசாயிகள் நிறைந்த பகுதி அது. நோயாளிகள் விசாகப்பட்டினத்துக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் 2023 டிசம்பரில் அந்தப் பகுதியில் உள்ள பலாசா என்ற சிறிய ஊரிலேயே 200 படுக்கைகளோடு கிட்னி ஆராய்ச்சி மையமும் சிறப்பு மருத்துவமனையும் திறக்கப்பட்டன.

இலங்கையில் அனுராதபுரம், பொலன்னறுவை நெல் விவசாயிகள் மத்தியிலும் 1990-களில் இருந்தே இதே கதை. அங்கும் கொழும்பில் கட்டவில்லை. நோய் இருக்கும் பொலன்னறுவையிலேயே சீன அரசின் உதவியோடு தேசிய கிட்னி மருத்துவமனை கட்டி 2021-ல் திறந்தார்கள்.

இந்த ரெண்டு ஊரும் சொல்லும் பாடம் ஒன்றுதான். நோயாளி இருக்கும் இடத்துக்கு மருத்துவமனை போக வேண்டும். மருத்துவமனை போனால் டாக்டர்கள் போவார்கள். டாக்டர்கள் போனால் பயிற்சியும் அங்கேயே நடக்கும். அங்கே பயிற்சி பெற்றவர்களில் ஒரு சிலராவது அந்த ஊரிலேயே தங்குவார்கள்.

புரோக்கர்கள் நுழையும் வாசல்

வைத்தியம் தூரமாக இருக்கும் இடத்தில் புரோக்கர் பக்கத்தில் வந்துவிடுவார். 2025 ஜூலையில் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையம் பகுதி விசைத்தறித் தொழிலாளர்களிடம் கடனைக் காட்டி கிட்னி வாங்கப்பட்டதாக எழுந்த புகார் தமிழகத்தையே உலுக்கியது. விசாரணையைத் தொடர்ந்து பெரம்பலூரிலும் திருச்சியிலும் தலா ஒரு தனியார் மருத்துவமனையின் கிட்னி மாற்று ஆபரேஷன் உரிமத்தை அரசு நிறுத்தி வைத்தது. ஆகஸ்டில் ஐகோர்ட்டு சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்க உத்தரவிட்டது.

1994-ம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டப்படி கிட்னியை விற்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம், தரகு பார்ப்பதும் குற்றம். கிட்னி கொடுக்க வருகிறவர் உண்மையிலேயே விருப்பப்பட்டுத்தான் கொடுக்கிறாரா, கொடுத்த பிறகு அவர் உடம்பு தாங்குமா என்று பார்ப்பதும் கிட்னி டாக்டரின் பயிற்சியில் ஒரு பகுதி. அரசு ஆஸ்பத்திரியில் அப்படிப்பட்ட டாக்டர், நேர்மையான பதிவு வரிசை, இலவச ஆபரேஷன் எல்லாம் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் புரோக்கருக்கு என்ன வேலை?

என்ன செய்யலாம்?

2033 வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. இப்போதே செய்யக்கூடியவை இருக்கின்றன.

முதலாவது, திருச்சி, தஞ்சாவூர் அரசு மருத்துவக் கல்லூரி நிபுணர்கள் வாரத்தில் குறிப்பிட்ட நாளில் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் வந்து நோயாளிகளைப் பார்க்கும் ஏற்பாடு. நாள் நிலையாக இருக்க வேண்டும். ‘செவ்வாய்க்கிழமைன்னா கிட்னி டாக்டர்’ என்று ஜனங்களுக்கு மனப்பாடம் ஆக வேண்டும்.

இரண்டாவது, டி.எம். படித்து வரும் அரசு டாக்டர்களில் ஒரு பங்கை இதுபோன்ற மாவட்டங்களுக்கு என்று ஒதுக்கி அனுப்புவது. தனியாக அனுப்பாமல், பிஸ்டுலா போடும் சர்ஜன், லேப் வசதி எல்லாவற்றையும் சேர்த்து அனுப்ப வேண்டும். அப்போதுதான் நிலைப்பார்கள்.

மூன்றாவது, ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் பயிற்சி. கிட்னி நோயாளிகளில் பெரும்பாலானவர்களுக்கு ஆரம்பத்தில் டி.எம். படித்தவர் தேவை இல்லை. ரிசல்ட்டைப் பார்த்து ‘இது சரியில்லை, மேலே அனுப்பணும்’ என்று சொல்லத் தெரிந்த எம்.பி.பி.எஸ். டாக்டர் போதும். 2023-ல் தமிழக அரசு தொடங்கிய சிறுநீரகப் பாதுகாப்புத் திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே சிறு பட்டையை நனைத்து சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று பார்க்கும் வசதி கொண்டுவரப்பட்டது. பட்டை நிறம் மாறிய பிறகு அந்த நோயாளியைத் தொடர்ந்து கவனிப்பதில்தான் திட்டத்தின் வெற்றியே இருக்கிறது.

நான்காவது, டெக்னீஷியன்கள். டயாலிசிஸ் மெஷினை இயக்க தனிப் படிப்பு உண்டு. பிளஸ்-2வில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்தவர்கள் டிப்ளமோவோ, டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. டயாலிசிஸ் டெக்னாலஜி பட்டமோ படிக்கலாம். டாக்டர் சீட்டு கிடைக்காத ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு இது நல்ல வழி. உள்ளூர்ப் பிள்ளை உள்ளூர் ஆஸ்பத்திரியில் வேலைக்கு இருந்தால் ஊரை விட்டு ஓட மாட்டார்!

ஐந்தாவது, பெரம்பலூருக்கு அரசு மருத்துவக் கல்லூரி. எம்.டி. படிப்பும், பேராசிரியர்களும், நோயாளிகள் வரத்தும் இருந்தால்தான் ஒருநாள் டி.எம். படிப்பும் வரும். அஸ்திவாரம் இல்லாமல் மாடி கட்ட முடியாது.

மக்கள் கவனத்துக்கு...

டாக்டர் வரும்வரை நம்மைக் காத்துக்கொள்வது நம் கையில்தான் இருக்கிறது.

கிட்னி கெடும்போது ஆரம்பத்தில் வலிக்காது, காட்டிக்கொடுக்காது. ரத்தத்தில் கிரியாட்டினின் அளவு ஏறித் தெரியும்போது, கிட்னியின் வேலைத்திறன் பாதி போயிருக்கும். அதனால் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள், குடும்பத்தில் யாருக்காவது கிட்னி நோய் உள்ளவர்கள், 40 வயதைத் தாண்டியவர்கள், வருஷக்கணக்கில் வெயிலில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது பிரஷர், சுகர், சிறுநீர்ப் புரதம், கிரியாட்டினின் பார்த்துக்கொள்வது நல்லது. அரசு ஆஸ்பத்திரியில் இதற்குக் காசு கிடையாது.

கடையில் பெயர் சொல்லி வாங்கும் வலி மாத்திரையைத் தொடர்ந்து போடக் கூடாது. என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத பொடி, லேகியத்தை ‘கிட்னி சுத்தமாகும்’ என்று நம்பிச் சாப்பிடக் கூடாது. உப்பு ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், கருவாடு, அப்பளத்தில் இருப்பதும் இந்தக் கணக்கில் சேரும். வெயிலில் வேலை செய்கிறவர்கள் தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் அவ்வப்போது தண்ணீர் குடிக்க வேண்டும். ஆனால் ஏற்கனவே கிட்னி கெட்டவர்கள் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதை டாக்டரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

முகம், கால் வீக்கம், சிறுநீரில் அதிக நுரை, சிறுநீர் குறைவது, காரணம் இல்லாத களைப்பு இருந்தால் தள்ளிப்போடக் கூடாது. பாம்பு கடித்தால் மந்திரிக்கப் போகாமல் நேராக அரசு ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

மெஷின் கொடுத்த அரசு, அதை எப்போது போட வேண்டும், எப்போது போடத் தேவையில்லை என்று சொல்லும் டாக்டரையும் கொடுக்க வேண்டும். 13 லட்சம் பேருக்கு 2, 3 டாக்டர் என்பது பேராசை இல்லை, நாட்டுச் சராசரிதான். அந்தப் பங்கை முறையாகக் கொடுத்து, அரியலூர் மருத்துவக் கல்லூரியை மேற்படிப்புக்கு ஏற்றபடி வளர்த்து, பெரம்பலூருக்கும் ஒரு கல்லூரி தர வேண்டும் என்பதே இரு மாவட்ட மக்களின் எதிர்பார்ப்பாகும்.